கை தட்டினால் நடப்பாள்

என் மகளின் கால் முதன்முதலில் மடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஏழே காலுக்கு. நேரம் எப்படி இவ்வளவு சரியாக நினைவிருக்கிறது என்கிறீர்களா? அதன் பிறகு பதினொரு டாக்டர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டார்கள். பதினொரு பேருக்கும் ஏழே கால் என்றுதான் சொன்னேன். பதினொரு பேரும் பயபக்தியோடு எழுதிக்கொண்டார்கள். அந்த ஏழே காலை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன கிழித்தார்கள் என்பது மட்டும் இன்றுவரை எனக்குத் தெரியாது.

பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். வாய் நிறைய நுரை. "அப்பா, என் கால் எங்கேயோ போகுது" என்றாள்.

"எங்கயும் போகாது, உன்கிட்டதான் இருக்கும். சீக்கிரம் கொப்புளிச்சிட்டு வா, பஸ் வந்துரும்" என்றேன், சட்டைப் பொத்தானைப் போட்டபடி. கொடியிலிருந்து துணி நழுவுவதுபோலக் கீழே சரிந்தாள். பிரஷ் வாயிலேயே இருந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அவளுக்கு ஒன்பது வயது. ஒல்லி உடம்பு, உருண்டைத் தலை, அதன்மேல் எந்தச் சீப்புக்கும் அடங்காத முடி. அதனால் வீட்டில் அவள் பெயர் குண்டூசி. பள்ளிக்கூடத்திலும் அதுவே பரவிவிட்டது, வாத்தியார்கள்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். முழங்காலுக்குக் கீழே எரிகிறது என்பாள், பிறகு கால் தாங்காது. அரை மணி நேரத்தில் சரியாகிவிடும், சில நாள் அரைநாள் ஆகும். சரியானதும் ஒன்றுமே நடக்காததுபோல எழுந்து ஓடுவாள். அப்போது பார்க்கிறவர்கள், "நல்லாத்தானே இருக்கா?" என்று எங்களை ஏற இறங்கப் பார்ப்பார்கள். சொல்லிவைத்தாற்போல ஒவ்வொரு டாக்டரின் அறைக்குள்ளும் அவள் தானாகவே நடந்து போனாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு தடவை, "இங்கயாச்சும் கொஞ்சம் விழேன்டி" என்று அவள் காதில் சொல்லியிருக்கிறேன்.

ரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள், முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். ஒரு குழாய்க்குள் படுக்கவைத்து முக்கால் மணி நேரம் தடதடவென்று சத்தம் போட்டார்கள். கடைசியில் ஒரு கட்டுக் காகிதம் கொடுத்தார்கள். எல்லாவற்றிலும் ஒரே வார்த்தை: நார்மல்.

எனக்கு அந்த வார்த்தையின் யோக்கியதை தெரியும். நான் லிப்ட் மெக்கானிக். பத்தொன்பது வருஷமாக இதே பிழைப்பு. லிப்ட் நடுவில் நிற்கிறது என்று புகார் வரும். போய்ப் பார்த்தால் சமர்த்தாக ஏறி இறங்கும். ஒழுங்கான மெக்கானிக் என்றால் அதிலேயே ஏறி நாள் முழுக்க மேலும் கீழும் போய்க்கொண்டிருக்க வேண்டும். அது தன் சுயரூபத்தைக் காட்டுகிறவரைக்கும் இறங்கக் கூடாது. நானோ இரண்டு தடவை ஏறி இறங்கிவிட்டு, புத்தகத்தில் "பழுது ஏதும் இல்லை" என்று எழுதி, கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவேன். ஆகவே அந்தக் காகிதக் கட்டைப் பார்த்ததும், அதை எழுதியவர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கிளம்பின வேகம்கூட எனக்குத் தெரிந்தது.

டாக்டர்கள் கை விரித்த இடத்தில் அக்கா உள்ளே வந்தாள். என் அக்கா மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். இருபத்திரண்டு வருஷமாக மாத்திரை எடுத்துக் கொடுக்கிறாள். தலைவலி வந்தால் மட்டும் ஒரு மாத்திரை போட்டுக்கொள்ள மாட்டாள்.

"நான் விக்கிறவ தம்பி, எனக்குத் தெரியாதா அதெல்லாம் என்னன்னு?" என்பாள். "உன் பொண்ணு ஸ்கூல் விழாவுல மேடையேறி அந்த ஆட்டம் ஆடினாளே, அன்னைக்கே நெனச்சேன். எத்தனை பேர் கண்ணு! காலைப் பாத்துப் பாத்தே படுக்க வெச்சிட்டாங்க."

"அக்கா, அந்த விழா முடிஞ்சு எட்டு மாசம் ஆச்சு."

"கண்ணு என்ன கரன்ட்டா, சுவிட்ச் போட்ட உடனே வேலை செய்ய?" என்று என் தொழிலிலேயே கை வைத்தாள்.

கண்பட்டதற்குக் கயிறு கட்டுகிறவர் ஒருவரிடம் அழைத்துப் போனாள். அவர் அறை வாசலிலும் வரிசை, உள்ளேயும் வரிசை, டோக்கன் கொடுக்க ஓர் ஆள். வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள். ரத்தப் பரிசோதனைக்கும் அப்படித்தான் வரச் சொன்னார்கள். டாக்டர் எழுதியதும் படிக்க முடியவில்லை, இவர் காகிதத்தில் எழுதிச் சுருட்டிக் கயிற்றில் கட்டியதும் படிக்க முடியவில்லை. டாக்டர் அறையில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள், இங்கே கேட்கவே வேண்டாம். வித்தியாசம் என்று பார்த்தால், கயிற்றுக்காரர் குழந்தையின் காலைத் தொட்டுப் பார்த்தார். அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கணுக்காலில் கறுப்புக் கயிற்றைக் கட்டிவிட்டுச் சொன்னார்: "நாப்பது நாள். இந்த நாப்பது நாள்ல காலைப் பத்திப் பேச்சே எடுக்கக் கூடாது பாப்பா. வலிக்குதுன்னு வாயால சொல்லிட்டா கயித்தோட சக்தி போயிரும். என்ன?"

குண்டூசி பெரிய மனுஷி மாதிரித் தலையாட்டினாள்.

பள்ளிக்கூடத்தில் ஓர் ஆலோசகர் அம்மா இருக்கிறார். அவர் ஓர் அட்டையில் ஏழு முகங்கள் வரைந்து வைத்து, "இன்னைக்கு நீ எந்த மூஞ்சி?" என்று குழந்தைகளைக் கேட்பார். குண்டூசி சிரிக்கிற மூஞ்சியைத் தொட்டாள். அழுகையை உள்ளே அடக்குகிறாள் என்று அதற்குப் பொருளாம். பிறகு என் மனைவியைக் கூப்பிட்டு, "நீங்க வேலைக்குப் போறீங்களா?" என்று கேட்டிருக்கிறார். அவள் தண்ணீர் வாரியத்தில் தொலைபேசியில் புகார் கேட்கிற வேலையில் இருக்கிறாள். காலை முதல் சாயங்காலம் வரை, "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று சொல்ல வேண்டும். போகிறேன் என்று இவள் சொல்ல, அந்த அம்மா, "ம்ம்ம்" என்று நீளமாக எழுதிக்கொண்டார். நான் வேலைக்குப் போகிறேனா என்று யாரும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து என் மனைவி சிரிப்பதை நிறுத்தினாள். சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுவாள். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்காது என்று நினைப்பு. எங்கள் வீடு இரண்டே அறை. எனக்கும் கேட்டது, குண்டூசிக்கும் கேட்டது.

கடைசியாகத்தான் பெரிய டாக்டரிடம் போனோம். பெரிய என்றால், அவர் நடந்தால் பின்னால் பன்னிரண்டு மாணவர்கள் நடப்பார்கள். அவர் நின்றால் நிற்பார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றினால் எல்லார் முகத்திலும் கவலை வரும். காகிதக் கட்டைக் கடகடவென்று புரட்டினார். எங்கள் மகளுக்கு வந்திருப்பது இன்னது என்று ஒரு பெயர் சொன்னார். அந்தப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே ஒரு தடவை மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

"அப்படின்னா என்னங்க டாக்டர்?" என்று கேட்டேன்.

"ஏன்னு தெரியலன்னு அர்த்தம்" என்று பின்னாலிருந்த மாணவி ஒருத்தி தன்னையறியாமல் முணுமுணுத்துவிட்டாள். பெரிய டாக்டர் திரும்பிப் பார்த்த பார்வையில் அந்தப் பெண் பக்கத்துப் பையன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள்.

"கால்ல ஒண்ணும் இல்ல" என்றார் எங்களிடம். "உங்க கவனம்தான் இந்த நோய்க்குச் சாப்பாடு. விழுந்தா ஓடி ஓடித் தூக்கறீங்க இல்ல? அதை நிறுத்துங்க. பட்டினி போடுங்க, தானா போயிரும்." அச்சடித்த ஒரு தாளைக் கொடுத்தார். விழுந்தால் தூக்காதீர்கள், பார்க்கவும் செய்யாதீர்கள். வலி என்ற சொல் வீட்டில் புழங்கக் கூடாது. நடந்தால் எல்லாரும் கை தட்டுங்கள்.

அக்கா அந்தத் தாளை வாங்கிப் படித்துவிட்டுக் கடையே அதிர்கிற மாதிரிச் சிரித்தாள். "பாத்தியா தம்பி? எங்க ஆளு வாயால சொன்னதை உங்க ஆளு அச்சடிச்சுக் குடுத்திருக்காரு!"

எங்களுக்கும் தெம்பாகத்தான் இருந்தது. இரண்டு பக்கமும் ஒரே வார்த்தை சொன்னால் அது உண்மையாகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றிவிட்டது.

எங்கள் குடியிருப்பில் ஒரு மாடிக்கு ஆறு வீடு. என் மனைவி எல்லா வீட்டுக்கும் போய் விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்தாள். குண்டூசி தாழ்வாரத்தில் நடந்தால் போதும், கதவுகள் திறக்கும், ஆளாளுக்குக் கை தட்டுவார்கள். குழம்புக் கரண்டியோடு வந்து தட்டுவார்கள், பாதி சவரம் செய்த முகத்தோடு வந்து தட்டுவார்கள். எதற்கென்றே தெரியாமல் பார்சல் கொண்டுவந்த ஆள்கூடத் தட்டிவிட்டுப் போனார். எல்லாரையும்விட ஓங்கித் தட்டியவன் நான்.

விழும்போது பார்க்கக் கூடாதே, அதுதான் கஷ்டம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சமையலறை வாசலில் விழுந்தாள். நானும் என் மனைவியும் டிவி பார்த்துக்கொண்டிருந்தோம். "அப்பா" என்றாள். நான் திரும்பவில்லை. "அப்பா, இங்க பாரேன்" என்றாள். இவள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், நகம் பதிந்தது. நான் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினேன். யாரோ எதையோ பொரித்துக்காட்டிக்கொண்டிருந்தார்கள். அதைக் கண்கொட்டாமல் பார்த்தோம். கொஞ்ச நேரம் கழித்துத் தரையில் தவழ்ந்து போகிற சத்தம் கேட்டது, பிறகு அறைக் கதவு சாத்துகிற சத்தம். சொன்னபடி செய்துவிட்டோம் என்று எனக்கு ஒரு பெருமைகூட வந்தது. நாசமாய்ப் போன பெருமை.

அதற்குப் பிறகு அவள் யார் கண் முன்னாலும் விழவில்லை. நாலாம் வாரம் பள்ளிக்கூடத்துக்கு முழுநாளும் போனாள். ஆஸ்பத்திரியில் இரவல் வாங்கிய சக்கர நாற்காலியைத் திருப்பிக் கொடுத்தோம். அவளுக்காகத் தரைத்தளத்துக்கு இறக்கிய வகுப்பை மறுபடி இரண்டாம் மாடிக்கு ஏற்றினார்கள். "எப்படி இருக்கே?" என்று யார் கேட்டாலும், "நல்லா இருக்கேன்" என்பாள், பல் தெரிய. அவள் அம்மா மறுபடி சிரித்தாள். ஒரு நாள் தொலைபேசியில் யாரோ திட்டியதை வீட்டில் நடித்துக் காட்டி, சிரித்துச் சிரித்து விக்கலெடுத்தாள். குண்டூசி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வியாதி போனதும் சண்டை வந்தது. யார் குணப்படுத்தியது என்று. கயிறு என்றாள் அக்கா. தன் வழிமுறை என்றார் பெரிய டாக்டர். ஏழு முக அட்டையை ஆலோசகர் அம்மா சட்டம் போட்டு மாட்டிவிட்டார். மேல் வீட்டுக்காரர்கூடத் தான் கை தட்டிய தினுசே வேறு என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பெரிய டாக்டர் விடுவதாயில்லை. ஊர்ப்பட்ட டாக்டர்களைக் கூட்டி ஆஸ்பத்திரி நாலாம் மாடி அரங்கில் ஒரு கூட்டம் ஏற்பாடு செய்தார். அவர் படம் போட்டுப் பேசுவார். பேச்சு முடிந்ததும் எங்கள் மகள் வாசலிலிருந்து மேடைவரை தனியாக நடந்து வருவாள். அவ்வளவுதான் அவள் வேலை.

"அந்தக் கயித்தை மட்டும் அவுத்துடுங்க" என்றார் முதல் நாளே. "படத்துல நல்லா இருக்காது."

"அதெப்படி அவுக்கிறது? முப்பத்தாறு நாள்தான் ஆச்சு!" என்று அக்கா எகிறினாள். "வேணும்னா அவரு அந்தக் கழுத்துல மாட்டியிருக்கிற குழாயை அவுக்கட்டும், நானும் அவுக்கறேன்." நாள் முழுக்கப் பேசி, நீளமான சாக்ஸ் போட்டுக் கயிற்றை மறைப்பது என்று முடிவாயிற்று. குழந்தையின் காலைப் பற்றி இவ்வளவு நேரம் எல்லாரும் பேசியது அன்றைக்குத்தான்.

கூட்டத்தன்று டாக்டரின் பேச்சு முடிகிற நேரத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள், அப்படியே போனோம். அந்த ஆஸ்பத்திரியின் நாலு லிப்ட்டையும் பார்த்துக்கொள்வது எங்கள் கம்பெனிதான். நான் விடுப்பில் வந்திருக்கிறேன், இஸ்திரி போட்ட சட்டை வேறு. காவலாளிக்கு அதெல்லாம் கண்ணிலேயே படவில்லை.

"அண்ணே, நல்ல நேரத்துல வந்தீங்க! மூணாம் நம்பர் கதவு மூடி மூடித் திறக்குது. ஒரு நிமிஷம் பாத்துட்டுப் போயிருங்க."

"நீங்க பாத்துட்டு வாங்க, நாங்க முன்னால போறோம்" என்றாள் இவள். வரவேற்பு மேசையில் இவளும் அக்காவும் கையெழுத்துப் போட வேண்டிய தாள்கள் இருந்தன. குண்டூசி, "நான் தனியா லிப்ட்டுல போறேனே" என்றாள். தனியாக விட வேண்டும் என்பதும் டாக்டர் உத்தரவு. போ என்றாள் இவள்.

நான் காவலாளியின் அறைக்குள் நுழைந்தேன். அங்கே ஒரு திரை உண்டு, நாலு கட்டமாகப் பிரித்திருக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு லிப்ட்டின் உட்புறம் தெரியும். மூணாம் கட்டத்தில் கதவு எத்தனை தடவை தடுமாறுகிறது என்று எண்ணத் தொடங்கினேன். இரண்டாம் கட்டத்தில் என் மகள் ஏறினாள். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. எக்கி நின்று பொத்தானை அமுக்கினாள். கதவு மூடியது.

மூடிய அந்தக் கணமே அவள் சரிந்தாள்.

சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்து, இரண்டு முழங்காலையும் கட்டிக்கொண்டாள். சாக்ஸை இறக்கிவிட்டுக் கெண்டைக்காலைக் கையால் அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். வாய் திறந்திருந்தது. அந்தக் கேமராவில் சத்தம் வராது. ஒன்று, இரண்டு என்று மேலே எண் மாறியது. மூன்று வந்ததும், தலையை நிமிர்த்தி அந்த எண்ணைப் பார்த்தாள். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துத் தொங்கி எழுந்தாள். சாக்ஸை மேலே இழுத்தாள். பாவாடை நுனியால் முகத்தைத் துடைத்தாள். பிறகு, கதவு திறப்பதற்கு முன்னால், யாரும் இல்லாத அந்தப் பெட்டிக்குள், பல் தெரியச் சிரித்துப் பார்த்துக்கொண்டாள். சரியாக இருக்கிறதா என்று ஒத்திகை பார்க்கிற மாதிரி. நாலு வந்தது. கதவு திறந்தது. வெளியே மாணவர்கள் கை தட்டுவது தெரிந்தது. துள்ளிக்கொண்டு இறங்கினாள்.

"என்னண்ணே, மூணாம் நம்பர்தானே?" என்றார் காவலாளி.

நான் படிக்கட்டில் ஓடினேன். லிப்ட் வேலைக்கு வந்த பத்தொன்பது வருஷத்தில் இப்படி ஓடியதில்லை. ஒவ்வொரு மாடியிலும் என்னை நானே கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டேன். குழந்தை நடிக்கிறதோ என்று எனக்கும் ஒரு காலத்தில் சந்தேகம் இருந்தது, ஒளிக்க மாட்டேன். நடித்துத்தான் இருக்கிறாள். நன்றாக இருப்பதாக நடித்திருக்கிறாள், வாரக்கணக்காக, எங்களுக்காக.

அரங்கு இருட்டாக இருந்தது. மேடையில் ஒரு வரைபடம், கோடு சரசரவென்று மேலே ஏறியது. அது என் மகளாம். பெரிய டாக்டர், "இப்போது அந்தக் குழந்தையையே பார்ப்போம்" என்றார். விளக்குகள் எரிந்தன. குண்டூசி நடு வழியில் நடந்து வந்தாள். இருநூறு டாக்டர்கள் கை தட்டினார்கள். கையை வீசி வீசி அழகாக நடந்தாள். நான் குறுக்கே போய் நின்றேன். மூச்சு இரைத்தது. அவள் உயரத்துக்கு மண்டியிட்டேன்.

"கால் வலிக்குதாடா?"

"அந்த வார்த்தை வேண்டாம், ப்ளீஸ்!" என்று மேடையிலிருந்து டாக்டர் பதறினார். "டேய், வாயை மூடுடா, இன்னும் மூணே நாள்!" என்று வாசலிலிருந்து அக்கா கத்தினாள். இவளும் அக்காவும் அப்போதுதான் மேலே வந்திருந்தார்கள்.

"இல்லப்பா. நல்லா இருக்கேன்" என்றாள் குண்டூசி. அதே சிரிப்பு.

"நான் கேமராவுல பாத்தேன் கண்ணு."

சிரிப்பு உடனே போகவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே முகத்தில் நின்றது. பிறகு உதடு நடுங்கியது. என் காதருகே குனிந்தாள். "அம்மாகிட்ட சொல்லிடாத."

"ஏன்டா?"

"அம்மா இப்பத்தான் சிரிக்கறாங்க."

"எப்ப திரும்ப வந்துச்சு?" என்று கேட்டேன்.

"போகவே இல்லப்பா" என்றாள், புரியாத பிள்ளைக்குச் சொல்வதுபோல. "விழுந்தா நீங்க யாரும் திரும்பிக்கூடப் பாக்கல. நடந்தா எல்லாரும் பாத்தீங்க. அதான் நடந்தேன்."

"உட்காரு" என்றேன். "உட்காரும்மா."

டாக்டரைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள். பிறகு நடு வழியில், அந்தக் கம்பளத்தின்மேல், மெதுவாக உட்கார்ந்தாள். முன்வரிசைக்காரர்கள் முகத்தில் ஈயாடவில்லை. பின்வரிசைக்காரர்களுக்கு எதுவும் தெரியவில்லை போலிருக்கிறது, மேடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று நினைத்து இன்னொரு முறை பலமாகத் தட்டினார்கள்.

"இது ஒரு சிறிய பின்னடைவு" என்று டாக்டர் ஒலிபெருக்கியில் சொன்னார். "இந்த நோயில் எதிர்பார்க்கக்கூடியதுதான். தந்தையின் குறுக்கீடும் ஒரு காரணம்."

"எல்லாம் இவன் வாயால கெட்டுச்சு. கயித்தை மறைக்கச் சொன்னாங்களே, அப்பவே நெனச்சேன்" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருங்க" என்றேன். நான் கத்துவேன் என்றுதான் நானே நினைத்தேன், குரல் உடைந்துபோய் வந்தது. "இது ஏன் வந்துச்சுன்னு டாக்டர், உங்களுக்கும் தெரியல, அக்கா, உனக்கும் தெரியல, எனக்கும் தெரியல. பரவாயில்ல. தெரியலன்னு சொல்லியிருந்தா, தெரியாத ஒண்ணை வெச்சுக்கிட்டு அவளோட நாங்களும் இருந்திருப்போம். இப்ப அவ ஒருத்தியா தனியா இருந்திருக்கா."

இதற்குள் என் மனைவி எங்கள் பக்கத்தில் வந்துவிட்டாள். அவள் காதில் எல்லாமே விழுந்திருக்கிறது. தரையில் உட்கார்ந்து, மகளின் இரண்டு காலையும் எடுத்துத் தன் மடியில் வைத்து, சாக்ஸைக் கழற்றி, கெண்டைக்காலைப் பிடித்துவிடத் தொடங்கினாள். கண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. துடைக்கவுமில்லை, மறைக்கவுமில்லை. குண்டூசி பயந்துபோய் அவள் முகத்தையே பார்த்தாள்.

"அம்மா, அழாதீங்க. நான் எழுந்துடறேன்."

"நீ எழுந்துக்க வேண்டாம். நான் அழுதா அழுதுட்டுப் போறேன். அது என் அழுகை, நீ சுமக்க வேண்டாம்" என்றாள் இவள். "எங்க எரியுது, காட்டு."

குண்டூசி விரலால் தொட்டுக் காட்டினாள். முதலில் ஓரிடம். பிறகு இன்னோரிடம். பிறகு கணுக்கால் வரைக்கும் ஒரு கோடு இழுத்தாள். மேடையில் படம் மாறியது, அடுத்தது யாரோ வேறு நோயாளி.

"நாளைக்கும் உட்காந்துக்கலாமா?" என்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக் கேட்டாள்.

"உட்காரு. நாற்காலியைத் திரும்ப வாங்கிடலாம். விழுந்தா கூப்பிடு, ஓடி வந்து தூக்கறேன்" என்றேன்.

"நெஜமா?"

"நெஜமா."

இரண்டு கையையும் என் பக்கம் நீட்டினாள். "அப்ப இப்பவே தூக்குப்பா. ரொம்ப நாளா வலிக்குது."